வற்றாத ஆறு இல்லை, வற்றும் கண்மாய் ஐயாயிரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் மழை பெய்தால் ஓடும், மழை விட்டால் மணலாகக் கிடக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. மற்ற இடங்களில் வானத்தை நம்பித்தான் உழவு. வறண்ட பூமி என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி நகர மனம் வராது.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,650 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழையைக் குறைத்தே மதிப்பிட்டு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 130 டிஎம்சி வருகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதாவது, ஆறில்லாத இந்த மாவட்டத்தின் தலையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மேட்டூரும் அதற்கு மேல் இன்னொரு மேட்டூரில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் கொட்டுகிறது. வீட்டு அளவில் சொன்னால், ஒரு சென்ட் மனையில் மட்டும் ஆண்டுக்கு 32,000 லிட்டர்.

பிறகு ஏன் பஞ்சம்? சிக்கல் அளவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் பெய்து முடிந்துவிடும். மேற்கே அன்னவாசல், நார்த்தாமலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கடும்பாறை. தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது, வழிந்து கடலைப் பார்த்து ஓடிவிடும். சில நாட்களில் வருவதைப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் செலவழிக்க வேண்டும். அதை ஒரே ஓர் ஆண்டு செய்தால் போதாது, ஆயிரம் ஆண்டு செய்ய வேண்டும். இதுதான் இந்த மண் போட்ட கணக்கு. இதற்கு ஊர்கள் எழுதிய விடை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஏரிகள், குளங்கள், ஏந்தல்கள், ஊருணிகள். சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்பதையும் தாண்டுகிறது எண்ணிக்கை.

உலகம் இந்தக் கணக்குக்கு ஒரு பெயர் வைத்தது மிகப் பிந்தித்தான். 1987-இல் நார்வே நாட்டுப் பிரதமர் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் நாளைய தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வலுவை அது குலைக்கக் கூடாது என்பது அந்த அறிக்கையின் சாரம். நம் பாடப்புத்தகங்கள் இதை வளங்குன்றா வளர்ச்சி என்கின்றன, செய்தித்தாள்கள் நீடித்த வளர்ச்சி என்கின்றன. 2015-இல் ஐ.நா. இதை 17 இலக்குகளாகவும் 169 துணை இலக்குகளாகவும் விரித்து, 2030-ஐக் கெடுவாக வைத்தது.

எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 1713-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் சுரங்க நிர்வாகம் பார்த்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் காடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளியை உருக்கும் உலைகள் விறகைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள், காடும் இருக்கும், உலையும் எரியும் என்றார். எளிய சூத்திரம். வட்டியை மட்டும் செலவழி, முதலைத் தொடாதே.

புதுக்கோட்டைக் கண்மாய்க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதுதான் வேடிக்கை. காட்டைத் தொடாமல் விட்டால் அது தானாக வளரும். கண்மாயைத் தொடாமல் விட்டால் அது தானாகச் சாகும். வெட்டி முடித்த முதல் மழையிலேயே நீரோடு வண்டல் வந்து அடியில் படியத் தொடங்கிவிடுகிறது. கரையை மாடு மிதிக்கிறது, நண்டு துளைக்கிறது, அலை அரிக்கிறது. குறைவாகப் பயன்படுத்துவதால் இதைக் காப்பாற்ற முடியாது. ஆண்டுதோறும் யாராவது இறங்கி வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையை யார், எதற்காகச் செய்வார்கள்? கண்மாயை வடிவமைத்தவர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இந்தக் கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதிலில் இருக்கிறது. அதற்கு முன் கல்லையும் மண்ணையும் பார்த்துவிடுவோம்.

முதலில் கரை. தொட்டி கட்ட நான்கு சுவர் வேண்டும். கண்மாய்க்கு ஒன்றே போதும். நிலம் லேசாகச் சரியும் இடத்தில், சரிவுக்குக் குறுக்கே, பிறை வடிவில் ஒரு மண்கரை. மற்ற பக்கங்களை மேட்டு நிலமே பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய சரிவை, இன்றைய கருவிகள் எதுவும் இல்லாமல், ஓடும் மழைநீரைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். நூறு ஏக்கர் நீர்ப்பரப்பும் சராசரி ஐந்தடி ஆழமும் உள்ள ஒரு கண்மாயில் ஏறத்தாழ 60 கோடி லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் ஐம்பதாயிரம் நடை. அத்தனை நீரையும் தடுத்து நிற்பது சிமென்ட் இல்லாத வெறும் மண். உள்பக்கம் அலை அரிக்காமலிருக்க அலைகற்கள் பாவியிருக்கும். கரை நெடுக நிற்கும் பனைகளின் சல்லிவேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும்.

அடுத்தது, எனக்கு இந்த முழு அமைப்பிலும் மிகப் பிடித்த உறுப்பு. கோடையில் வற்றிய கண்மாய்க்குள் நடந்தால், கரையிலிருந்து தள்ளி, நடுவெளியில் இரண்டு கல்தூண்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதைக் காணலாம். இடையில் குறுக்குப் பலகைக் கற்கள். கோயில் ஏதாவது இடிந்து போய்த் தூண்கள் மட்டும் மிஞ்சியதோ என்று தோன்றும். அதுதான் குமிழித் தூம்பு, அதாவது கண்மாயின் தண்ணீர்க் குழாய். தூண்களுக்குக் கீழே மண்ணுக்குள் கல்லாலான ஒரு பெட்டி இருக்கிறது. அதன் மேல்மூடியில் ஒரு துளை, நீரோடி. அடிமட்டத்தையொட்டி இன்னொரு வகைத் துளைகள், சேறோடி. பெட்டியிலிருந்து தரைக்கடியில் ஒரு கல்வாய்க்கால் கிளம்பி, கரையின் அடிவயிற்றைக் கடந்து, மறுபக்கம் வயல் வாய்க்காலில் தலைகாட்டும். ஆட்டுக்கல் குழவி போன்ற ஓர் அடைப்பான், குறுக்குக் கற்களின் துளைகள் வழியே இறங்கும் ஒரு நீண்ட கம்பின் நுனியில் இருக்கும். கம்பைத் தூக்கினால் திறப்பு, இறக்கினால் அடைப்பு. கண்மாய் நிறைந்திருக்கும்போது நீந்திப் போய், தேவையானால் முக்குளித்து, ஒருவர் இதைச் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு தொலைவில்? மடையைக் கரையிலேயே வைத்தால் திறப்பதும் மூடுவதும் சுலபமாயிற்றே? திறந்த கணத்தில் துளையைச் சுற்றி நீர் சுழன்று பாயும். அந்தக் கொந்தளிப்பு மண்கரைக்குப் பக்கத்தில் நடந்தால் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் சுழலைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், கல்லுக்குள் அடைத்துவிட்டார்கள்.

சேறோடியின் வேலை அதைவிட நுட்பமானது. கல் விலகியதும் பெட்டிக்குள் நீர் பாய்கிறது. அந்த இழுப்பில், அடியில் படிந்த குழம்பிய வண்டலும் கீழ்த்துளைகள் வழியாக உள்ளே வந்து, நீரோடு கலந்து வயலுக்குப் போகிறது. தண்ணீர் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் கண்மாய் தன் வயிற்றைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்கிறது. வயலுக்கு அது உரம். கண்மாய்க்குக் கழிவானது பயிருக்கு உணவாகும்படி ஒரு துளை.

இந்தத் துளைக்கு இன்னொரு குணம் உண்டு. அதை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டோரிசெல்லி விதியாக எழுதினார். துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நீர் பாயும் வேகம் அமையும். நான்கு மீட்டர் நீர் நின்றால் வேகம் விநாடிக்கு சுமார் 9 மீட்டர், சைக்கிளை மூச்சிரைக்க மிதிக்கும் வேகம். ஒரு மீட்டராக இறங்கினால்? உயரம் கால்பங்கு ஆகிவிட்டது, வேகமோ பாதிதான் குறைகிறது, சுமார் 4.5 மீட்டர். கண்மாய் வற்றிக்கொண்டு வந்தாலும் கடைசி வயலுக்குப் போகும் நீர் அதே விகிதத்தில் சுருங்கிவிடாது. அதற்குத் தகுந்தபடி வயலுக்கு நீர் விடும் முறையின் நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும். விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அதன் பலனை இங்கே உழவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். புதுக்கோட்டை வட்டாரக் குமிழித் தூண்கள் பலவற்றில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் உண்டு. இந்தக் குமிழியை இன்னார் செய்வித்தார் என்று சுருக்கமாக ஓரிரு வரிகள். அரண்மனை கட்டியதற்கு நிகரான பெருமை அடைப்புக்கல் அமைத்ததற்கும் இருந்திருக்கிறது.

மூன்றாவது உறுப்பு கலிங்கு. கண்மாய் நிறைந்தபின் மிச்ச நீர் வழிந்தோடும் கல்தளம். அதன் மேல் ஓரடி ஈரடி இடைவெளியில் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். பார்த்தால் அலங்காரம் போலிருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் இந்தக் கற்களுக்கிடையே எதுவும் இருக்காது, வெள்ளம் தடையின்றி வழியும். பருவம் முடியப்போகிறது, இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்தபின் கற்களுக்கிடையே களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார்கள். நீர்மட்டம் கல்லுயரத்துக்கு ஏறும். நூறு ஏக்கர் பரப்பில் கூடுதலாக இரண்டடி என்றால் ஏறத்தாழ 25 கோடி லிட்டர். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் அடைப்பைப் பிடுங்கி எறிய அரை நாள் போதும். ஆபத்துக்காலத்தில் கரையைக் காப்பதும் ஆபத்து நீங்கியபின் கொள்ளளவைக் கூட்டுவதும் ஒரே கல்வரிசைக்குள் அடங்கிவிட்டன.

இன்றைய சட்ட மொழியில் இதன் உறவுக்காரனுக்கு முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று பெயர். சேதம் நிச்சயம் என்று நிரூபணமாகும்வரை காத்திராமல், ஆபத்துக்கு இடமிருக்கிறது என்றாலே தடுப்பை அமைப்பது. இந்திய உச்ச நீதிமன்றம் இதை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று அறிவித்த 1996-ஆம் ஆண்டு வழக்கும் தமிழ்நாட்டுத் தண்ணீர் வழக்குதான். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் அதே தீர்ப்பில் நிலைபெற்றது. வளங்குன்றா வளர்ச்சி அறிக்கைகளிலிருந்து இறங்கி நம் நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தது அந்த வழக்கில்தான்.

கலிங்கில் வழிந்த நீர் எங்கே போகிறது? வீணாகவில்லை. அடுத்த ஊர்க் கண்மாய்க்கான வரத்துவாரி அங்கிருந்து தொடங்குகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்தது. மாலையில் கோத்ததுபோல் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிவில் இறங்கிப் போகின்றன. மேல் கண்மாயின் வயலில் பாய்ந்து, பயிர் குடித்து மிஞ்சிய கசிவும் கீழ்க் கண்மாய்க்கு வந்து சேரும். ஒரே மழைத்துளி இரண்டு மூன்று ஊர்களின் நெல்லுக்கு உழைக்கலாம். இங்கேதான் அரசியல் நுழைகிறது. மேலூர்க்காரர் தன் கலிங்கை ஓரடி உயர்த்திக் கட்டினால் அவருக்கு லாபம், கீழூருக்கு வயிற்றில் ஈரத்துணி. ஆகவே கலிங்கு மட்டம் என்பது ஊர்களுக்கிடையிலான ஒப்பந்தம். கல்லில் எழுதிய ஒப்பந்தம் அல்ல, கல்லின் உயரமே ஒப்பந்தம்.

பொதுச்சொத்து நாசமாகத்தான் போகும், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்று பொருளியலில் வெகுகாலம் நம்பினார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் நேபாளப் பாசனம், ஸ்பெயின் வாய்க்கால்கள், சுவிஸ் மேய்ச்சல் நிலங்கள் என்று தேடித் தேடிப் படித்து, இல்லை, ஊர்களே நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றியிருக்கின்றன என்று காட்டினார். 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுக்கூறுகள் எட்டு. யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருக்கும். எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் பொருத்தம் இருக்கும். கண்காணிப்பவர் பயன்படுத்துவோருக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார். தண்டனை சின்னதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

நம் கண்மாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லை, ஆயக்கட்டு. மடைக்குக் கீழே எந்தெந்த வயல் என்பது பரம்பரையாகத் தெரியும். கண்காணிப்பு, நீர்ப்பாய்ச்சி. ஊருக்கு ஊர் வேறு பெயர் உண்டு, வேலை ஒன்றுதான். மடை திறப்பது, முறைப்படி வயலுக்கு வயல் நீர் விடுவது, கரையில் கசிவு பார்ப்பது. அவருக்குக் கூலி அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல்லாக வந்தது. கடைசி வயல் காய்ந்தால் அவருடைய கூலியும் காய்ந்தது. நேர்மையாக இரு என்று அவருக்கு யாரும் உபதேசிக்கத் தேவையில்லாதபடி சம்பளத்தை அமைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்குப் பணம்? கண்மாய்க்கென்று விட்ட மானிய நிலத்தின் விளைச்சல், ஏரி ஆயம் என்ற வரி. உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள், ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குடவோலை முறையில் ஒரு வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கின்றன.

இப்போது முன்பு நிறுத்திய கேள்விக்கு வருகிறேன். தூர்வாரும் வேலையை யார், எதற்காகச் செய்வார்கள்? கோடையில் கண்மாய் வற்றியதும் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அடியில் படிந்த கரம்பையை வெட்டித் தங்கள் வயலுக்கு அடிப்பார்கள். காடுமேட்டின் இலைமக்கும் சாணமும் ஆண்டு முழுக்க அடித்து வந்து சேர்ந்த இலவச உரம் அது. வேளார்கள் பானைக்கும் அய்யனார் கோயில் மண்குதிரைக்கும் களிமண் எடுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காகத்தான் மண் அள்ளினார், மொத்தத்தில் கண்மாய் தூர்ந்துபோகாமல் இருந்தது. கார்லோவிட்ஸின் காட்டில் குறைவாக எடுப்பது காப்பாற்றியது. கண்மாயில் எடுப்பதே காப்பாற்றியது. பயன்பாடும் பராமரிப்பும் இங்கே ஒரே செயல். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

மீனும் அப்படியே. விராலிமலை, இலுப்பூர், பொன்னமராவதி வட்டாரங்களில் கோடைதோறும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. அதுவரை கண்மாயில் யாரும் மீன்பிடிப்பதில்லை. குறித்த நாளில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுவட்டார மக்கள் ஊத்தாக் கூடையோடும் வலையோடும் பாய்வார்கள். ஒரு நாளில் எல்லாவற்றையும் பிடிப்பது பேராசையாகத் தெரியும். நாளைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். நீர் முழங்காலளவு ஆகிவிட்டது, இன்னும் சில வாரங்களில் முற்றும் வற்றும், பிடிக்காவிட்டாலும் பெரும்பாலான மீன் சாகும். முட்டையிட்டுக் குஞ்சு வளரும் மாதங்கள் முழுக்கத் தடை, அழியப்போகும் நாளில் அனுமதி. அதற்குப் பிறகும் சேற்றுக்குள் பதுங்கிக் காற்றைச் சுவாசித்து உயிர் பிழைக்கும் விரால் உண்டு. மழை வந்து வரத்துவாரிகள் ஓடத் தொடங்கினால் மற்ற மீன்களும் நீரோடு வந்து சேரும்.

பழையதைப் புகழும்போது ஒரு பக்கத்தை மறைத்துவிடக் கூடாது. தண்ணீரில் உரிமை நிலம் உள்ளவருக்கு, கரை போடும் உழைப்பின் சுமை பெரும்பாலும் நிலமற்றவருக்கு. மடை திறக்க முக்குளித்து உயிரைப் பணயம் வைத்தவர்கள் பலர் ஊரில் சரிசமமாக உட்கார முடியாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். தண்ணீர் சுமந்த பெண்களின் குரலுக்கு முறைக்கூட்டத்தில் இடம் இருக்கவில்லை. தலைமுறைகளுக்கிடையே நீதி பேசிய ஏற்பாடு ஒரே தலைமுறைக்குள் நீதி பேசவில்லை. வளங்குன்றா வளர்ச்சியின் இன்றைய விளக்கம் சூழலையும் பொருளாதாரத்தையும் மட்டும் பார்க்காமல் சமூகத்தையும் மூன்றாவது காலாகச் சேர்த்துக்கொண்டது இத்தகைய குறைகளுக்காகத்தான். இந்த மூன்றாவது காலுக்கும் புதுக்கோட்டையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் மிதித்துப் பழகினார்கள். பெட்ரோல் குடிக்காத வண்டி, குடத்தைச் சுமக்கும் வண்டி, யாரையும் கேட்காமல் வெளியே போக உதவும் வண்டி.

இவ்வளவு கச்சிதமான எந்திரம் ஏன் பழுதானது? முதல் விரிசல் உரிமையில். ஆங்கிலேயர் காலத்தில் கண்மாய் வருவாய்த்துறைக் கணக்கின் ஒரு வரியாக மாறியது. ஊர் தானாகச் செய்துவந்த குடிமராமத்தை 1858-இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு வாங்கப் பார்த்தது. தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் அந்த மாகாணத்துக்கு வெளியே தனியாக இருந்து 1948-இல்தான் இந்தியாவோடு இணைந்தது. இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. சங்கிலியில் மேல் கண்மாய் ஓர் அலுவலகத்திலும் கீழ்க் கண்மாய் இன்னோர் அலுவலகத்திலும் இருக்கக்கூடும்.

இரண்டாவது விரிசல் ஆழ்துளைக் கிணறு. அதன் பாதிப்பு கூச்சல் போடாமல் வரும். ஓர் உழவர் போர் போட்டுவிட்டால் அவருக்கு மடை முறை தேவையில்லை. முறை தேவையில்லாதவர் கூட்டத்துக்கு வரமாட்டார், வாரி வெட்டவும் வரமாட்டார். ரசாயன உரம் வந்தபின் கரம்பையும் தேவையில்லை. ஒவ்வொருவராக விலக, கண்மாய் தூர்கிறது. தூர்ந்த கண்மாய் மண்ணுக்குள் இறக்கும் நீர் குறைகிறது. அவருடைய போரில் மட்டம் இறங்குகிறது. இன்னும் ஆழமாகப் போடுகிறார். எந்தக் கண்மாய் வேண்டாம் என்று நினைத்தாரோ அதுதான் அவருடைய குழாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பயன்பாட்டையும் பராமரிப்பையும் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின.

மூன்றாவது, கண்மாய்க்கு வெளியே. 1974-இல் உருவான தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகித ஆலைகளுக்காக இந்த மாவட்டத்தில் பெரும் பரப்பில் தைலமரம் வளர்க்கிறது. மரம் நீரை உறிஞ்சுகிறது என்பது பரவலான குற்றச்சாட்டு. உழவர்கள் சொல்லும் இன்னொரு குறை எனக்கு அதைவிடக் கூர்மையாகப் படுகிறது. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்கப் போடும் வரப்புகளும் குழிகளும், கீழே கண்மாய்க்குப் போக வேண்டிய வரத்தை மறிக்கின்றன என்கிறார்கள். கண்மாயின் உண்மையான பரப்பு தண்ணீர் நிற்கும் இடத்தோடு முடிவதில்லை. நீர் திரண்டு வரும் மேட்டுநிலம் முழுவதும் அதன் உடம்புதான். உள்ளே எவ்வளவு தூர்வாரினாலும் மேட்டில் நான்கு வரப்பு போட்டால் கணக்கு தீர்ந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. பல தலைமுறை உழைப்பு ஒரே இரவில். அடுத்த கோடையில் கொத்தமங்கலத்து இளைஞர்கள் அரசை எதிர்பாராமல் தங்கள் கைக்காசைப் போட்டுக் குளம் வெட்ட இறங்கினார்கள். அக்கம்பக்க ஊர்களும் தொடர்ந்தன. மரம் விழுந்த ஊர் முதலில் தண்ணீரைத் தேடியது கவனிக்கத்தக்கது. மரத்தைத் திரும்ப நட்டால் ஐந்தாறு ஆண்டு அதற்கு நீர் ஊற்ற வேண்டுமே! அரசும் 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2024-இல் உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறை எளிதாயிற்று. அறுந்த முடிச்சைத் திரும்பப் போடும் முயற்சி என்று இதைச் சொல்லலாம், அள்ளுவது வண்டலாக இருக்கும்வரை.

ஏனென்றால் தூர்வாருதலைப் பற்றி ஒரு பரவலான நம்பிக்கை உண்டு. எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. பாதிதான் உண்மை. மடையின் துளை மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் தானாக வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடிக்கும் உதவும், நெல்லுக்கு உதவாது. கரையை ஒட்டிப் பள்ளம் வெட்டினால் கரையின் கால் தளரும். நூற்றாண்டுகளாகப் படிந்த களிமண் படலத்தைப் பொக்லைன் கிழித்துவிட்டால் நீர் விரைந்து கீழே இறங்கிவிடும். கிணற்றுக்காரருக்கு அது கொண்டாட்டம், மடைக்காரருக்கு இழப்பு. எந்தப் பக்கம் வேண்டும் என்பதை ஊர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

எவ்வளவு தோண்டலாம் என்பதற்கு அளவுகோலும் கண்மாய்க்குள்ளேயே நட்டு வைத்திருக்கிறார்கள். பல கண்மாய்களில் குமிழித் தூண்களின் தலை மட்டும்தான் இன்று வெளியே தெரிகிறது. மீதி வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. தூணையொட்டிக் கையால் மெல்லத் தோண்டிக்கொண்டு போனால் ஒரு குறுக்குக்கல், அதற்குக் கீழே இன்னொன்று, பிறகு பெட்டியின் மூடி, அதில் நீரோடித் துளை, அடியில் சேறோடி. சேறோடியின் மட்டம் எதுவோ அதுதான் கண்மாயை முதலில் வெட்டியவர்கள் வைத்த தரைமட்டம். மேலே இருப்பது பிறகு வந்து சேர்ந்த வண்டல். பொக்லைனை அதுவரை இறக்கலாம்.